செகோபே போட்ட பித்தளைப் பூட்டு

முப்பத்தோரு வருஷம் நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். சாட்சி எங்கள் மொழியான செசோதோவில் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், மாஜிஸ்திரேட் ஆங்கிலத்தில் சொல்வதைச் செசோதோவில் சொல்ல வேண்டும். வாய் என்னுடையது, பேச்சு அடுத்தவருடையது. ஒருவன் பச்சையாகப் புளுகினால் அந்தப் புளுகையும் நான்தான் தெளிவாக, ஒரு சொல் விடாமல் சொல்லவேண்டும். எனக்கு ரத்தக் கொதிப்பு எங்கிருந்து வந்தது என்று டாக்டர் கேட்டபோது சிரித்துவிட்டேன்.

அப்படி வாயைக் கட்டிக்கொண்டு நான் பட்ட பாட்டில் பெரிய பாடு மாபுலேங்கின் வழக்கு.

மாபுலேங் ஹா செபிலியில் மாவு மில் வைத்திருந்தவள். என் தங்கையைக் கட்டிக்கொடுத்த ஊர் அது. அதனால் அங்கே யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதுவரை எனக்குச் செய்தி வந்துவிடும். மாபுலேங்கின் கணவன் மொலேஃபி எல்லைக்கு அப்பால் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தான். ஒரு டீசல் என்ஜினும் மக்காச்சோளம் அரைக்கிற மெஷினும் வாங்கி, கல் கொட்டகை கட்டி, அதில் வைத்துவிட்டு மறுபடி சுரங்கத்துக்குப் போய்விட்டான். அந்த நாளிலிருந்து பன்னிரண்டு வருஷம் மில்லை ஓட்டியது அவள்தான். பெல்ட் அறுந்தால் அவளே தைப்பாள், சல்லடை கிழிந்தால் அவளே மாற்றுவாள். என்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவளுடைய தொண்டை ஊருக்கே கேட்கும். கோயிலில் அவள் மெதுவாக ஜெபம் செய்தாலும் பாதிரியார் ஒருமுறை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்.

அவள் மில்லில் ஒரு முறை உண்டு. வரிசையில் ஆள் நிற்க வேண்டாம், மூட்டை நின்றால் போதும். மூட்டை வாயில் அவரவர் துணிக் கிழிசலைக் கட்டிச் சுவரோரம் வைத்துவிட்டுப் போகலாம். மூட்டை எங்கே இருக்கிறதோ அங்கேதான் அவர்களுடைய முறை. ஊர்த் தலைவரின் மூட்டையும் ஒன்பதாவதாக வந்தால் ஒன்பதாவதுதான். யாராவது தன் மூட்டையைக் காலால் முன்னே தள்ளினால் மாபுலேங் என்ஜினையே நிறுத்திவிடுவாள். மூட்டை பழைய இடத்துக்குப் போனால்தான் என்ஜின் மறுபடி ஓடும். அதற்காக அவளைத் திட்டாத வாய் இல்லை, ஆனால் அடுத்த மில்லுக்குப் போனவர்களும் இல்லை.

அறுவடை முடிந்து குளிர் தொடங்கிய வாரத்தில் மொலேஃபி இறந்துபோனான். சுரங்கத் தூசி நெஞ்சில் ஏறியிருந்தது. மாபுலேங் என்ஜினை நிறுத்தி, கொட்டகையைப் பூட்டி, சாவியை ரவிக்கைக்குள் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனாள். அப்போது உள்ளே பதினான்கு மூட்டைகள் முறைக்குக் காத்திருந்தன.

அடக்கம் முடிந்ததும் கணவன் வீட்டார் அவளுக்குக் கறுப்புத் துக்கத் துணி போட்டார்கள். அந்தத் துணி உடம்பில் இருக்கும்வரை ஒரு பெண்ணுக்கு ஆயிரம் தடை. பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குள் இருக்கவேண்டும், கூட்டத்தில் பேசக்கூடாது, தொழில் கூடாது. போட்டவர்கள்தான் அதைக் கழற்றவும் வேண்டும். மாபுலேங்குக்குப் போட்டவன் மொலேஃபியின் தம்பி செகோபே. ஒரு மாதம் என்று சொல்லித்தான் போட்டான். மாதம் முடிந்தது. சடங்குக்கு ஆடு அமையவில்லை என்றான். பிறகு தலைநகர் மசேருவிலிருந்து மாமா வரவேண்டும் என்றான். ஐந்தாவது வாரத்தில் காரணம் சொல்வதையே விட்டுவிட்டான்.

ஆறாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலை ஆக்ஸா பிளேடு கொண்டுவந்து அவள் பூட்டை அறுத்துப் போட்டான். பதிலுக்கு உள்ளங்கை அகலம் ஒரு பித்தளைப் பூட்டைத் தொங்கவிட்டான்.

செகோபே கெட்டவன் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் சொத்து தம்பி பொறுப்பு என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன். அண்ணி தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எதையும் செய்கிறாள் என்ற எரிச்சலும் பன்னிரண்டு வருஷமாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் எனக்குக் கோபம் குறைவாக இருந்திருக்கும்.

மாபுலேங் ஊர்த் தலைவரிடம் போனாள்.

"மில்லு யாரோடதுன்னு குடும்பம் உக்காந்து பேசி முடிக்கட்டும், மே. நான் நடுவுல வர முடியாது" என்றார் அவர். 'மே' என்றால் எங்களுக்கு அம்மா, வயது வந்த எந்தப் பெண்ணையும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"குடும்பம் எப்ப உக்காரும்?"

"நீங்க துக்கத்துணி கழட்டின பிறகு."

"அத யாரு கழட்டணும்?"

"செகோபேதான்."

"அவன் எப்ப கழட்டுவான்?"

தலைவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார்.

சனிக்கிழமை பெண்கள் கடப்பாரையோடு வந்தார்கள். உள்ளே கிடந்த மூட்டைகளுக்குச் சொந்தக்காரிகள். முன்னால் வந்தவள் பக்கத்து வீட்டு மாகோட்சோ.

"என்ன மே, உக்காந்தே இருப்பீங்களா? ரெண்டு போடு போட்டா பூட்டு கையோட வந்துரும். எம் பிள்ளைங்க மூணு நாளா கீரைய மட்டும் தின்னுதுங்க, களி இல்ல."

"கடப்பாரைய கீழ வை."

"பயமா?"

"பயம்தான். இன்னைக்கு நான் உடைச்சா, நாளைக்கு அவன் போலீஸ்ல போய் நிப்பான். அவன் உடைச்சத யாரும் பாக்கல. நான் உடைக்கிறத ஊரே பாக்கும். என் மில்லுக்கு நானே திருடி ஆயிடுவேன். வை கீழ."

"அப்ப என்னதான் பண்றதா உத்தேசம்?"

"கோர்ட்டுக்குப் போறேன்."

"இந்தத் துணியோடயா?" மாகோட்சோ வாயில் கை வைத்தாள்.

"இதத்தான போட்டுவிட்டிருக்கான்? இதோடயே போறேன்."

கடப்பாரையைக் கீழே வைக்கச் சொன்னாளே, சட்டம் தெரிந்து சொல்லவில்லை. ஆனால் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. அவன் பூட்டுப் போட்டு நாலு நாள் கழித்து அவள் அதை உடைத்திருந்தால், அவளைக் காப்பாற்றிய அதே சட்டம் செகோபேயின் பக்கம் போய் நின்றிருக்கும்.

திங்கட்கிழமை விடியலில் வேனில் ஏறினாள். கறுப்பைப் பார்த்ததும் பக்கத்து இருக்கைக்காரன் எழுந்து போனான். துக்கக்காரியின் அருகில் உட்கார்ந்தால் ஆகாது. மூன்று பேர் உட்காரும் பின் இருக்கையில் அவள் ஒருத்தி மட்டும் இரண்டு மணி நேரம் வந்தாள். "நல்லா காலை நீட்டிட்டு வந்தேன், ந்தாதே" என்று பிறகு என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அன்று சிரித்திருக்க மாட்டாள். 'ந்தாதே' எங்களுக்கு ஐயா மாதிரி.

நீதிமன்ற வாசலில் காவலாளி தயங்கினான். "மே, இந்தத் துணியோட உள்ள…"

"துணிக்கு நீதி கேக்க வரல தம்பி. எனக்குத்தான்."

எழுத்தர் அவள் சொன்னதைக் கேட்டு மனு எழுதினார். எழுதும்போதே, "மில்லு உங்க பேர்ல இருக்கா, காகிதம் இருக்கான்னு நான் கேக்க மாட்டேன். இந்த மனுவுக்கு அது வேண்டாம்" என்றார். மாபுலேங்குக்கு நம்பிக்கை வரவில்லை. காகிதமே கேட்காத ஆபீசை அவள் பார்த்ததில்லை. மனுவை முடித்துக்கொண்டு வேன் பிடித்து, பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்விட்டாள். கோர்ட்டுக்குப் போனாலும் துணிக்கு உரிய முறையை அவள் மீறவில்லை.

வியாழக்கிழமை விசாரணை. செகோபே வக்கீல் வைத்திருந்தான், மசேருவிலிருந்து வந்த மெலிந்த ஆள். மாபுலேங்குக்கு யாரும் இல்லை. மேஜையில் ஒரு சாவியை வைத்தாள். "இந்தச் சாவிக்கு இப்ப பூட்டு இல்ல" என்றாள். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். மாஜிஸ்திரேட், ஐம்பது வயதுப் பெண்மணி, குறித்துக்கொண்டார்.

முதல் சாட்சி மாகோட்சோ.

"மில்லு அவளோடதுதாங்க! மொலேஃபி நெஞ்சு கெட்டுப்போக உழைச்சு அவளுக்குன்னே வாங்கினான்!"

"யாரோடதுன்னு நான் கேக்கல" என்றார் மாஜிஸ்திரேட். "யார் கையில இருந்துச்சுன்னுதான் கேட்டேன்."

"நீங்க கேக்கலன்னா என்ன, உண்மைய நான் சொல்ல வேண்டாமா? அவளோடதுதான்!"

கூடம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்கிற தப்பு இது. எதைப் பறிகொடுத்தாலும் "என்னோடது, என்னோடது" என்றுதான் கத்துவோம். அந்தக் கத்தலில்தான் வழக்கு தோற்கும். வக்கீல் அதற்காகவே காத்திருந்தவர், துள்ளி எழுந்தார். "மொலேஃபி வாங்கினான் என்று அவங்க சாட்சியே சொல்லிட்டாங்க. மொலேஃபியின் சொத்து குடும்பத்துக்கு வரும். குடும்பத்துக்கு மூத்த ஆண் என் கட்சிக்காரர்."

அடுத்து செகோபே சாட்சிக் கூண்டில் ஏறினான்.

"துக்கத்துல இருக்கிற பொம்பள தொழில் பண்ணக் கூடாது. அண்ணியே பூட்டிட்டுப் போய் உக்காந்துட்டாங்க. ஆறு வாரம் மில்லு கேப்பாரில்லாம கிடந்துச்சு. அவங்க கைவிட்டத நான் பாத்துக்கிட்டேன், அவ்வளவுதான். நான் யார்கிட்டேயும் பிடுங்கல."

இது நல்ல வாதம். அதுதான் என்னை வாட்டியது. கையில் இருந்ததைப் பிடுங்கினால்தான் திருப்பிக் கொடுக்கச் சொல்ல முடியும். அவளே விட்டுவிட்டாள் என்றால் பிடுங்கியதே இல்லை. அதை நான் என் வாயால் ஆங்கிலத்தில், ஒரு குறையும் இல்லாமல், வக்கீலுக்கு உதவியாகச் சொல்ல வேண்டியிருந்தது. துணியையும் இவனே போட்டுவிட்டு, துணி போட்டதால் விட்டுவிட்டாள் என்கிறான். என் காதுமடல் சூடாகிவிட்டது. பேசவா முடியும்?

"நீங்க ஏதாவது கேக்கணுமா, மே?" என்றார் மாஜிஸ்திரேட்.

மாபுலேங் எழுந்தாள். கூட்டத்தில் பேசக்கூடாத துணி உடம்பில் இருந்தது. முன் வரிசையில் ஒரு கிழவி தலையைக் குனிந்துகொண்டாள். மாபுலேங் என்ஜின் ஓடும்போது பேசுகிற அதே தொண்டையில் கேட்டாள்.

"செகோபே, உன் வீட்டு மூட்டை எத்தனாவது?"

"என்னது?"

"மில்லுக்குள்ள உன் பொண்டாட்டி மாத்துமேலோ வச்ச மூட்டை. சிவப்புத் துணி கட்டினது. எத்தனாவது?"

"முதல்ல."

"துக்கத்துல மூணாவது வாரம் உன் வீட்டுல சோளம் தீந்து போச்சு. அந்த மூட்டையிலிருந்து பாதி அள்ளிட்டுப் போனா. நான் பூட்டின பூட்டத் தொறந்துதான உள்ள போனா?"

"ஆமா."

"சாவிய எங்க வாங்கினா?"

செகோபே வக்கீலைப் பார்த்தான். வக்கீல் காகிதத்தைப் பார்த்தார்.

"பதில் சொல்லுங்க" என்றார் மாஜிஸ்திரேட்.

"உங்ககிட்ட."

"பூட்டிட்டு யார்கிட்ட கொடுத்தா?"

"உங்ககிட்ட."

"உன்கிட்ட கொடுக்கலையா?"

"இல்ல."

"ஏன், நீதான அந்த வீட்டு ஆம்பள?"

"சாவி உங்க கையிலதான இருந்துச்சு!" என்று கத்தினான்.

நான் அதை மொழிபெயர்த்தேன். முப்பத்தோரு வருஷத்தில் ஒரே ஒரு முறை, அந்த ஒரு வாக்கியத்தை, தேவையைவிடக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். மாஜிஸ்திரேட் பேனாவை மேஜையில் வைத்தார்.

பத்து நிமிஷத்தில் தீர்ப்பு. நடுவில் ஒரு லத்தீன் வாசகம் சொன்னார். லத்தீன் என்றால் எனக்குக் கொஞ்சம் நடுக்கம். ஆனால் இந்த வாசகத்தை ஏற்கெனவே இரண்டு மூன்று முறை கேட்டிருக்கிறேன். அது வந்த வழியையும் ஒரு பழைய மாஜிஸ்திரேட் டீ நேரத்தில் சொல்லியிருக்கிறார். ரோமில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே ஒருவனை அவன் நிலத்திலிருந்து அடித்து விரட்டினால், நீதிபதி முதலில் யார் நிலம் என்று கேட்கமாட்டாராம். விரட்டியவனைப் பார்த்து, இவனை இருந்த இடத்தில் கொண்டுபோய் விடு என்பாராம். பிறகு பதவி பறிபோன பிஷப்புகளுக்காகத் திருச்சபை வழக்கு மன்றங்கள் அதைத் தீட்டிக் கூர்மையாக்கின. டச்சுக்காரர்கள் அதைப் புத்தகத்தில் எழுதி, கப்பலில் எங்களுக்குத் தெற்கே கடலோரக் கேப்புக்குக் கொண்டுவந்தார்கள். கேப்பிலிருந்து வெள்ளைக்காரன் ஆட்சியில் எங்கள் மலைக்கு ஏறியது. வெள்ளைக்காரன் இறங்கிப் போனான், சட்டம் இங்கேயே தங்கிவிட்டது. எங்களைக் கேட்டு யாரும் கொண்டுவரவில்லை, அதில் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அன்றைக்கு மட்டும் அந்தக் கப்பல் மூழ்காமல் வந்ததற்குச் சந்தோஷப்பட்டேன்.

மாபுலேங்குக்கு ரோம் என்றால் போப்பாண்டவர் ஊர், அவ்வளவுதான். நான் அவளுக்கு இப்படிச் சொன்னேன்:

"பறிச்சவன் முதல்ல பறிச்ச இடத்துல திருப்பி வைக்கணும். யாரோடதுங்கிற பேச்சு எல்லாம் அதுக்கு அப்புறம்."

"இது எங்க மில்லு சட்டம் ஆச்சே, ந்தாதே" என்றாள்.

மாஜிஸ்திரேட் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் செகோபே தன் கையாலேயே பூட்டைக் கழற்றி, கொட்டகையையும் உள்ளே இருப்பவற்றையும் இருந்தது இருந்தபடி ஒப்படைக்கவேண்டும் என்று எழுதினார்.

வெளியே வந்ததும் செகோபே, "இது முடிஞ்சு போச்சுன்னு நினைக்காதீங்க. யாரோடதுன்னு பெரிய வழக்கு போடுவேன்" என்றான்.

"போடு. அதுவரைக்கும் நான் அரைச்சிட்டு இருப்பேன்" என்று சொல்லிவிட்டு அவள் வேனைப் பிடிக்க ஓடினாள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை நான் விடுப்பு எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். தங்கையைப் பார்க்கப் போனதாக யாராவது நம்பினால் நம்பட்டும். செகோபே பதினொன்றரைக்கு வந்தான், யாரையும் பார்க்காமல் பித்தளைப் பூட்டைத் திறந்தான். நீதிமன்ற ஊழியர் கையெழுத்து வாங்கினார். மாபுலேங் உள்ளே போய் முதலில் என்ஜினைப் பார்க்கவில்லை. மூட்டைகளை எண்ணினாள். பதினான்கு. ஒவ்வொன்றின் துணியையும் தொட்டுப் பார்த்தாள். எதுவும் இடம் மாறவில்லை. அப்போதுதான் அவள் கண் கலங்கியதைப் பார்த்தேன், கணவன் அடக்கத்தில்கூட நிமிர்ந்தே நின்றவள். துணி ஓரத்தில் துடைத்துக்கொண்டு டீசலை ஊற்றினாள். துக்கத்துணியோடு தொழில் கூடாது என்று யாரும் வாய் திறக்கவில்லை. நான்காவது இழுப்பில் என்ஜின் பிடித்தது.

மாகோட்சோ முன்னால் பாய்ந்து சிவப்புத் துணி கட்டிய மூட்டையைக் காதைப் பிடித்து இழுத்தாள்.

"இதத் தூக்கிக் கடைசியில போடுங்கடி! பூட்டுப் போட்டவன் வீட்டுக்கு முதல் மாவா?"

எல்லாப் பெண்களும் ஆமாம் போட்டார்கள். வாசலில் மாத்துமேலோ தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள். செகோபே போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் பூட்டைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

மாபுலேங் என்ஜினை நிறுத்தினாள்.

"மூட்டைய இருந்த இடத்துல வை."

"மே, அவன் உங்களுக்குப் பண்ணினது…"

"இருந்த இடத்துல வைன்னேன்."

மாகோட்சோ முணுமுணுத்துக்கொண்டே மூட்டையை முதலிடத்துக்கே தள்ளினாள். என்ஜின் மறுபடி ஓடியது. மாபுலேங் வாசலைப் பார்த்து, சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

"செகோபே! உன் மூட்டைதான் முதல். இன்னும் பதிமூணு பேரு நிக்கிறாங்க. அந்தப் பூட்டக் கீழ வச்சிட்டு வந்து தூக்கு!"

அவன் பூட்டைக் கீழே வைத்தான். உள்ளே வந்து மூட்டையைத் தோளில் ஏற்றி, மேல் தொட்டியில் கொட்டினான்.